கரிக்கு அடியில் இருந்த பெயர்கள்

நான் வேலை பார்த்த துறையில் புதிதாக ஒரு லேசர் கருவி வாங்கியிருக்கிறார்களாம். சுவர்ச் சித்திரத்தின் மேல் படிந்த கரியைக் கை வைக்காமலேயே அது எடுத்துவிடுமாம். அங்கே இப்போது இருக்கும் இரண்டு பேர் என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டு, "மேடம், இனி பஞ்சு, குச்சிக்கெல்லாம் வேலை இருக்காதுன்னு நினைக்கிறோம். எகிப்துல நீங்க செஞ்சதை எழுதிக் குடுங்க. பழைய முறைன்னு ஒரு பதிவா இருக்கட்டும்" என்றார்கள்.

கருவி நல்ல கருவியாகவே இருக்கலாம். ஆனால் எகிப்தில் நடந்ததில் முறையைவிட முக்கியமான சங்கதி ஒன்று உண்டு. அது என் கையால் நேர்ந்த தவறு. துறையின் அறிக்கையில் அது நாலே வரிதான். இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

நான் போடிநாயக்கனூர்க்காரி. அப்பாவுக்கு ஏலக்காய்க் கடை. பள்ளி விடுமுறையில் கடைக்குப் பின்னால் பெண்களோடு உட்கார்ந்து காய் பொறுக்குவேன். நல்ல பச்சை, வெளிர்ந்த பச்சை, பழுப்பு தட்டியது என்று ஏழெட்டுக் குவியல்கள். என் கண்ணுக்கு முதல் பயிற்சி அதுதான். மதுரையில் வேதியியல் படித்தேன். தொல்பொருள் துறையின் ரசாயனப் பிரிவில் வேலை கிடைத்தது. தக்காணத்துக் குகை ஒன்றில் எட்டு வருடங்கள் பழைய வண்ணச் சித்திரங்களுக்கு முன்னால் நின்று புகையும் வௌவால் எச்சமும் எடுத்தேன். அங்கே எனக்கு மேலதிகாரியாக வந்தவர் வர்கீஸ் சார்.

அவர் கோட்டயத்துக்காரர். எங்கள் ஊரில் தோட்டத்துக்குப் போகும் ஜீப்புகளில் மலையாளம் கேட்டே வளர்ந்தவள் நான். அது தெரியாமல், திட்ட வேண்டியதையெல்லாம் அவர் மலையாளத்தில் முணுமுணுப்பார். இரண்டு வருடம் கழித்துத்தான் எனக்குப் புரியும் என்பதைக் கண்டுபிடித்தார். அதற்குப் பிறகு சத்தமாகவே திட்டினார்.

ஒரு சுவருக்கு முன்னால் முதன்முதலாக நிற்கும்போது இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வார். நாமும் கட்டிக்கொள்ள வேண்டும். மூன்று நாட்கள் யாரும் சுவரைத் தொடக் கூடாது. மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து பார்த்து, பார்த்ததைப் பென்சிலில் எழுத வேண்டும். வேலை தொடங்கிய பிறகும் தினமும் காலையில் ஒரே கேள்விதான் கேட்பார்: "இன்னைக்கு எதைச் செய்யப் போறதில்லை?" அதற்குப் பதில் சொல்லாமல் பஞ்சை எடுக்க முடியாது. நாம் செய்வது போதும் என்று அவருக்குப் பட்டால் "மதி" என்பார். மலையாளத்தில் போதும் என்று அர்த்தம். அந்தச் சொல் காதில் விழுந்தால், குச்சி பாதி வழியில் இருந்தாலும் அங்கேயே நிற்க வேண்டும்.

எகிப்துக்கு எங்களை அனுப்பியபோது எனக்கு நாற்பது வயது தாண்டியிருந்தது. பல நாடுகள் சேர்ந்து நடத்திய திட்டம் அது. நைல் நதியின் கிழக்குக் கரையில், வயல் முடிந்து பாலைவனம் தொடங்கும் இடத்தில் செங்குத்தாக எழும்பி நிற்கும் சுண்ணாம்புப் பாறை. அதன் இடுப்பளவு உயரத்தில் வரிசையாக வாசல்கள். ஒவ்வொன்றும் ஒரு கல்லறை. காலையில் படகில் ஆற்றைக் கடந்து, படியேறி, மூச்சு வாங்க மேலே போய்ச் சேருவோம்.

முதல் வாரம் ஊருக்குப் பேசியபோது அம்மா கேட்டாள்.

"யாரு சமாதிடி அது? ராசாவா?"

"ராசா இல்லாத்தா. ராசாவுக்குக் கீழ ஒரு சீமைய ஆண்டவரு. நம்ம ஊருப் பாளையக்காரரு மாதிரின்னு வச்சுக்கோ."

"அந்தாளுக்கு ஒரு மலையவே குடைஞ்சாகளா?"

"அவரே உசுரோட இருக்கையில குடைஞ்சு வச்சுக்கிட்டாரு."

"பெரிய ஆளுதான். நீ ஒழுங்கா சாப்பிடு" என்று வைத்துவிட்டாள்.

அம்மா சொன்னது சரி. பெரிய ஆள்தான். நான்கு தூண்களைப் பாறையிலேயே விட்டுச் சுற்றிலும் குடைந்து மண்டபம் செய்திருந்தார்கள். கூரையில் பாய் விரித்த மாதிரி கட்டம் கட்டமாக வண்ணம். பின்சுவரில் ஒரு மாடம், அதில் அந்தச் சீமைத் தலைவரின் கற்சிலை. தரையில் கீழே இறங்கும் குழி. அவரது உடலை வைத்த அறை அதற்குள். சுவர் முழுவதும் அவரது வாழ்க்கை. உழுகிறார்கள், திராட்சை பறிக்கிறார்கள், மல்லுக்கட்டுகிறார்கள், வலை வீசிப் பறவை பிடிக்கிறார்கள். இவற்றுக்கு நடுவே அவர் மட்டும் மூன்று ஆள் உயரத்தில் நிற்கிறார். வாசலின் இரண்டு பக்கமும் அவரது பெயரையும் பட்டங்களையும் கல்லில் ஆழமாக வெட்டி வைத்திருக்கிறார். என் காலத்தில் யாரும் பசித்திருக்கவில்லை, விதவையை யாரும் வதைக்கவில்லை என்கிற ரீதியில் பெருமைகளும் உண்டு.

வடக்குச் சுவரின் மேல்பாதியில் புகை படிந்திருந்தது; கீழ்ப்பாதி கன்னங்கரேலென்று இருந்தது. கல்லறை கைவிடப்பட்ட பிறகு பல நூற்றாண்டுகள் யார் யாரோ அதற்குள் குடியிருந்து அடுப்பெரித்திருக்கிறார்கள். அந்தக் கரியை எடுப்பதுதான் எங்கள் வேலை.

மூன்று நாட்கள் கை கட்டிப் பார்த்தோம். நான்காம் நாள் புகைப்படம் எடுத்து, அதன் மேல் கண்ணாடித் தாள் விரித்து, எங்கே பூச்சு உப்பியிருக்கிறது, எங்கே விரிசல் என்று நிற நிறமாகக் குறித்தோம். பிறகு சோதனைக் கட்டங்கள். கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றுப் பெரிய சதுரங்கள், ஒவ்வொன்றுக்கும் எண். முதலில் மென்தூரிகை, பிறகு ரப்பர் பஞ்சு, அதற்கும் அசையாவிட்டால்தான் குச்சியில் சுற்றிய பஞ்சை மருந்தில் நனைத்து உருட்ட வேண்டும். தேய்க்கவே கூடாது. உருட்டும் முன் கைவிளக்கைச் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்துப் பார்க்க வேண்டும். நேர் வெளிச்சத்தில் தட்டையாகத் தெரியும் சுவர், பக்க வெளிச்சத்தில் தன் மேடு பள்ளத்தையெல்லாம் காட்டிவிடும்.

மேல்பாதியில் ஆறு கட்டங்கள் அருமையாக வந்தன. காவியும் மஞ்சளும் பாறையோடு ஒட்டிக் கிடந்தன. ஏழாவது கட்டம் கீழ்ப்பாதியில். அன்று வர்கீஸ் சார் வாசலில் யாரோடோ பேசிக்கொண்டிருந்தார். ஆறு கட்டம் சரியாக வந்த தெம்பில், விளக்கைப் பக்கவாட்டில் பிடித்துப் பார்க்காமலேயே பஞ்சை வைத்து உருட்டினேன். ஒரே ஒரு சுற்று. பஞ்சு கறுத்தது. கறுப்புக்குள் மணல் போல நீலம் மினுக்கியது.

குச்சியை அப்படியே நிறுத்தினேன். அந்தக் காலத்து நீலம் கண்ணாடி போலச் சுட்டு இடித்த பொடி. அதைச் சுவரில் பிடித்து வைத்திருந்த பிசின் எப்போதோ செத்துவிட்டது. மேலே படிந்த கரிதான் பொடியைத் தாங்கி நின்றது. கரியை எடுத்ததும் நீலமும் சேர்ந்து வந்துவிட்டது.

வர்கீஸ் சார் வந்து பஞ்சைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். மலையாளத்தில் ஏதாவது வரும் என்று காத்திருந்தேன்.

"மதி" என்றார். அவ்வளவுதான்.

ஒரு சிறிய கண்ணாடிக் குப்பியைக் கொண்டுவந்து, பஞ்சை அதற்குள் போட்டு மூடி, கட்டத்தின் எண்ணையும் என் பெயரையும் என்னையே எழுதச் சொன்னார். "அறிக்கையில எழுது. எது போச்சு, எப்படிப் போச்சு, யாரு கையால. காலத்தால் சிதைஞ்சதுன்னு ஒரு சொல் வரக்கூடாது." எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அடுத்த மாதமே அவர் மனைவிக்கு அறுவை சிகிச்சை என்று செய்தி வந்து, ஆறு வார விடுப்பில் கோட்டயம் போனார். சுவர் என் பொறுப்பில் வந்தது. மேல்பாதி முடியும் தறுவாயில் திட்டத்தின் குழுத் தலைவர் வந்தார். ஐரோப்பியர், நல்ல உழைப்பாளி, அந்தக் கல்லறைக்காகப் பல வருடம் அலைந்தவர். அமைச்சர் ஒருவர் பார்வையிட வருகிறார், அதற்குள் சுவர் முழுக்கத் தெரிய வேண்டும் என்றார்.

"ஐந்து வாரம் இருக்கிறது. மேலே செய்ததைக் கீழேயும் செய்யுங்கள்."

"முடியாது. கீழே கரியை எடுத்தால் நிறமும் வரும்."

"ஒரு சின்னக் கட்டத்தில்தானே அப்படி ஆனது? அது உங்கள் கைத்தவறு என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்."

"ஆமாம். அதனால்தான் அதையே சுவர் முழுக்கச் செய்ய மாட்டேன் என்கிறேன்."

விளக்குகளை அணைக்கச் சொன்னேன். மண்டபம் இருண்டது. கைவிளக்கைச் சுவரோடு ஒட்டிப் பிடித்தேன். அதுவரை தட்டையாக இருந்த கறுப்பு, சரிந்த ஓடுகள் போல எழும்பி நின்றது. ஓட்டுக்கு ஓடு நடுவே நிழல். ஊதினால் விழும் என்று யாருக்கும் தெரியும். அவர் குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

"இதை ஒட்ட வைத்துவிட்டுச் சுத்தம் செய்ய எவ்வளவு காலம் ஆகும்?"

"மூன்று குளிர்காலம்."

"என்னிடம் ஐந்து வாரம்தான் இருக்கிறது. உங்கள் துறைக்கு எழுதி வேறு ஆளைக் கேட்கப் போகிறேன்."

"எழுதுங்கள். நானும் எழுதுகிறேன்."

சொல்லிவிட்டேனே தவிர, வெளியே வந்து படியில் உட்கார்ந்தபோது பயம் பிடித்துக்கொண்டது. திருப்பி அனுப்பப்பட்டால் ஊரில் எல்லாருக்கும் பதில் சொல்ல வேண்டும். துறையிலும் தலை எடுக்க முடியாது. வர்கீஸ் சாரைக் கூப்பிட்டேன். ஆஸ்பத்திரி வராந்தாவிலிருந்து பேசினார். நடந்ததையெல்லாம் சொல்லி, "நான் செஞ்சது சரியா சார்?" என்றேன்.

"பக்க வெளிச்சத்துல நோக்கியோ?"

"மூணு தடவை பாத்துட்டேன் சார்."

"பின்ன எங்கிட்ட எதுக்குக் கேக்குற? சுவர்கிட்ட நிக்குறது நீ" என்று வைத்துவிட்டார். அப்போது கோபம் வந்தது.

பத்து நாள் கழித்துத் துறையிலிருந்து கடிதம் வந்தது. திட்டத்தின் தேவைகளுக்கு ஒத்துழைக்குமாறு எனக்கு அறிவுரை. ஆணையென்றும் சொல்ல முடியாது, இல்லையென்றும் சொல்ல முடியாது. அதைக் கோப்பில் வைத்துவிட்டு மறுநாளும் மேல்பாதி வேலைக்கே போனேன். அன்று எனக்குத் துணையாக நின்றவள் நாதியா. எகிப்து அரசின் சார்பில் அந்தக் கல்லறைகளை மேற்பார்த்த அதிகாரி, என்னைவிடச் சின்னவள். அவள் கையெழுத்து இல்லாமல் எந்த மருந்தும் சுவரில் படக் கூடாது. குழுத் தலைவர் அவளிடம் போனபோது, "இவள் கையெழுத்து இருந்தால்தான் என் கையெழுத்து வரும்" என்று சொல்லிவிட்டுத் தேநீர் ஊற்றப் போய்விட்டாள். அவளுக்கும் வேலை போயிருக்கலாம்.

அமைச்சர் வந்தார். பாதிச் சுவர் கறுப்பாகவே இருந்தது. ஏன் என்று கேட்டார். குழுத் தலைவர் என் கையிலிருந்து கைவிளக்கை வாங்கி, மண்டபத்தை இருட்டாக்கி, நான் காட்டியது போலவே காட்டிக் கால்மணி நேரம் விளக்கினார். தானே கண்டுபிடித்தது போல அத்தனை உற்சாகம். நாதியா என் கையைக் கிள்ளினாள்.

அந்த வருடப் பதவி உயர்வுப் பட்டியலில் நான் இல்லை. யாரும் காரணம் சொல்லவில்லை.

அடுத்த இரண்டு குளிர்காலமும் போனேன். உள்ளங்கை அகலத்துக்கு மெல்லிய ஜப்பானியத் தாளைச் சுவரில் வைத்து, அதன் வழியாக மிகவும் நீர்த்த பசையைத் தூரிகையால் ஊட்ட வேண்டும். பாதி காய்ந்ததும் பஞ்சுப் பொதியால் மெல்ல அழுத்தி, எழும்பி நிற்கும் பொடியைப் படிய வைக்க வேண்டும். மறுநாள் தாளை உரித்துப் பக்க வெளிச்சத்தில் பார்த்து, நிற்காவிட்டால் மீண்டும் முதலிலிருந்து. நின்ற பிறகு கரியைப் படலம் படலமாக மெலிய வைத்து, கடைசி மூச்சளவு கரியை அப்படியே விட்டுவிட வேண்டும். ஒரு நாளுக்கு ஓர் உள்ளங்கை. சில நாள் அதுவும் இல்லை. கழுத்தும் வலது தோளும் அங்கே போனவைதான், இன்னும் திரும்பவில்லை.

மூன்றாம் குளிர்காலத்தில் கீழ்ப்பாதி வெளியே வந்தது. அங்கே சீமைத் தலைவர் இல்லை. ஒரு சாண் உயர மனிதர்கள் வரிசையாக இருந்தார்கள். மாவு சலிப்பவள், ரொட்டி சுடுபவன், மாடு ஓட்டி வருபவன், குடம் சுமப்பவன். ஒவ்வொருவர் தலைக்கு மேலும் மூன்று நான்கு நீல எழுத்துகள். நாதியா கிட்டே போய் வாய்விட்டு வாசிக்கத் தொடங்கினாள். இரண்டாவது ஆளைத் தாண்டியதும் நின்று, திரும்பிச் சொன்னாள்:

"பெயர்கள். இவர்களுடைய பெயர்கள்."

நான் ஏணியிலேயே உட்கார்ந்துவிட்டேன். சீமைத் தலைவரின் பெயர் பாறையில் ஒரு விரல் ஆழம் வெட்டியிருக்கிறது. அதற்கு ஒன்றும் ஆகாது. இவர்களின் பெயர்கள் நீலப் பொடியில் மட்டும்தான் இருந்தன. ஐந்து வாரத்தில் சுத்தம் செய்திருந்தால் அத்தனையும் பஞ்சில் போயிருக்கும். அப்படி ஒன்று இருந்தது என்பதுகூட ஒருவருக்கும் தெரிந்திருக்காது.

நாதியா வாசித்துக்கொண்டே போனாள். நாற்பத்திரண்டு பேர். முப்பதாவதோ முப்பத்தொன்றாவதோ, தலையில் கூடை வைத்த ஒரு பெண். அவள் பெயரில் முதல் எழுத்து இருந்தது, கடைசி எழுத்து இருந்தது. நடுவில் நகத்தளவுக்கு வெறும் பூச்சு.

"இங்கே எந்த எழுத்து வேண்டுமானாலும் இருந்திருக்கலாம்" என்றாள்.

அது ஏழாவது கட்டம். வரைபடத்தைப் பார்க்க எனக்குத் தேவை இருக்கவில்லை.

"அது நான் எடுத்தது" என்றேன்.

நாதியா அந்த வெறும் பூச்சைக் குனிந்து ஒருமுறை பார்த்தாள். பிறகு, "நீ எழுதி வைத்திருக்காவிட்டால் பழைய சிதைவு என்றுதான் நாங்களும் எழுதியிருப்போம்" என்றாள். ஆறுதலுக்குச் சொன்னாள் என்று தெரியும். குப்பியில் நீலம் பத்திரமாக இருந்தது. அது எந்த எழுத்தாக இருந்தது என்பது மட்டும் அதில் இல்லை.

சுவரின் படியெடுப்பை அச்சிட்டபோது, அந்த இடத்தில் 'சுத்தம் செய்கையில் இழக்கப்பட்டது' என்று போட்டு என் பெயரையும் போடச் சொன்னேன். குழுத் தலைவர், "பெயர் எதற்கு? எல்லாருக்கும் நடப்பதுதானே" என்றார். உண்மையிலேயே நல்ல மனதோடு சொன்னார். நான் விடவில்லை. அவளைப் பற்றி எழுத யாராவது பிறகு வந்தால், யாரைக் கேட்க வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும் அல்லவா? இன்றும் அப்படியே இருக்கிறது. ஓய்வு பெற்றிருந்த வர்கீஸ் சாரிடம் அந்தப் பக்கத்தைக் கொண்டுபோய்க் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். "மத்த நாப்பத்தொண்ணு உண்டல்லோ" என்றார்.

நான் ஓய்வு பெற்றுப் போடிக்கு வந்து நான்கு வருடம் ஆகிறது. என்ன வேலை பார்த்தேன் என்று சொன்னால் இங்கே யாருக்கும் பிடிபடாது. படித்த பொம்பளை என்பதால் டீச்சரம்மா என்கிறார்கள். போன மாதம் ராசிங்காபுரத்திலிருந்து சின்னமுத்து வந்தான். என் சித்தப்பா மகன், விவசாயி.

"யக்கா, நம்ம மேல்காட்டுப் பாறைக்கோயிலுக்குக் கொடை விழா வருது. பாறையெல்லாம் ஒரே கரி. தோட்டத்துல மருந்தடிக்கிற இன்ஜின் பம்புல ஜீப்பு கழுவுற மூக்கை மாட்டி, நாளைக்கிப் பீச்சியடிக்கப் போறோம்."

"அந்தப் பாறையில வெள்ளையா மாடு, ஆளுன்னு படம் இருக்குமே?"

"அதான் ஒண்ணும் தெரியலியே. கழுவுனா தெரியும்ல?"

மறுநாள் காலை அவனது ஜீப்பிலேயே நானும் ஏறிக்கொண்டேன். மலைச்சரிவில் கூரை போல நீண்ட பாறை; அதற்கடியில் சாமி; சாமிக்குப் பின்னால் கரிக்குள் மங்கலாக வெள்ளைக் கோடுகள். எத்தனை ஆயிரம் வருடம் என்று தெரியாது. டிரம்மில் தண்ணீர், ஐந்து ஆட்கள், குழாய் தயார். நான் போய்ப் பாறைக்கு முன்னால் நின்றுகொண்டேன்.

"தள்ளுங்கக்கா, நனைஞ்சிரும்."

"நனையட்டும்."

பெரியவர் ஒருவருக்குக் கோபம் வந்துவிட்டது. "டீச்சரம்மா, சாமி இருக்க எடத்தச் சுத்தம் பண்ணக்கூடாதுன்னு எந்தச் சட்டத்துல இருக்கு? எங்க சோலியப் பாக்க விடுங்க."

"பண்ணுங்கய்யா. மொதல்ல அந்தா, பொங்கல் வைக்கிற மூலையில படம் இல்லாத பாறை இருக்குல்ல? அதுல அடிங்க. அதுக்கு ஒண்ணும் ஆகலேன்னா நான் இறங்கிப் போயிர்றேன்."

சொல்லிவிட்டுப் பயந்தேன். அந்தப் பாறை தாங்காது என்று எனக்கு நிச்சயமாகத் தெரியாது. சின்னமுத்து இன்ஜினைக் கிளப்பிப் பீச்சினான். கரி ஆறாக ஓடியது. உள்ளே பாறை பளபளத்தது. "அடி சக்கை" என்றான் ஒருவன். இவர்களிடம் இனி என்ன சொல்லி நிறுத்துவது என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே, சாப்பாட்டுத் தட்டளவுக்குப் பாறையின் தோல் உப்பி, சடாரென்று பிய்ந்து அவன் காலடியில் விழுந்து உடைந்தது. வருடக்கணக்காக எரித்த தீயில் தோல் ஏற்கெனவே விட்டுப்போயிருந்தது.

சின்னமுத்து இன்ஜினை அணைத்தான். ஒரு துண்டைப் பொறுக்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தான். ஒரு பக்கம் கரி, மறுபக்கம் வெறும் கல். பெரியவர் சாமிக்குப் பின்னால் இருந்த வெள்ளைக் கோடுகளைப் பார்த்தார். பிறகு தோள்துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"யக்கா," என்றான் சின்னமுத்து, "தேவாரம் ஊர்ல எம் பொண்டாட்டியோட தம்பி இன்னைக்கி இதே வேலையத்தான் செய்றான். நாந்தான் யோசனை சொன்னேன்."

"போன் போடு."

போட்டான். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. "இன்ஜின் சத்தத்துல கேக்காது. வெரசா ஏறுங்க." உடைந்த துண்டை என் மடியில் வைத்தான். "இதக் கெட்டியாப் பிடிச்சுக்கங்க. வெறும் வாயால சொன்னா நம்ப மாட்டான்."

அந்தச் சரிவில் அவன் ஓட்டிய வேகத்துக்கு நான் கண்ணை மூடிக்கொண்டேன். தேவாரத்து மலையடியில் ஜீப்பை விட்டு ஏறும்போதே மேலே இன்ஜின் ஓடுவது கேட்டது. எனக்கு முழங்கால் ஒத்துழைக்கவில்லை. அவன் துண்டைப் பிடுங்கிக்கொண்டு ஓடினான். "மாப்ளே! அணை! அணைய்யா!" என்று கத்துவது கேட்டது. நான் போய்ச் சேர்ந்தபோது இன்ஜின் நின்றிருந்தது. ஓரத்தில் இடுப்புக்கு மேல் மட்டும் தெரியும்படி ஒரு வெள்ளை உருவம். அதன் கால்கள் இருந்த இடத்தில் ஈரக்கல். மற்றவை தப்பித்திருந்தன. ஒரு யானை, அதன் மேல் ஓர் ஆள், வரிசையாக ஏழெட்டுப் பேர்.

சின்னமுத்து துண்டைத் திருப்பித் திருப்பிக் காட்டி, மூச்சு வாங்க விளக்கிக்கொண்டிருந்தான். அவன் மைத்துனன் என்னைப் பார்த்து, "அப்ப நாங்க என்னதான் செய்யணும்?" என்றான்.

"கழுவ வேண்டாம். சாமி விளக்கை மட்டும் பாறைக்கூரைக்கு வெளிய வச்சிருங்க. பொங்கலும் வெளியவே வைங்க" என்றேன்.

விளக்குக் கல்லை நாலு பேர் சேர்ந்து நெம்பி வெயிலுக்கு நகர்த்தினார்கள். நான் உட்கார்ந்து, கரைந்துபோன அந்தக் கால்களைப் பற்றி, எது போனது, எப்படிப் போனது என்று ஒரு தாளில் எழுதினேன். சின்னமுத்து எட்டிப் பார்த்தான்.

"யாரு செஞ்சதுன்னு போடுவீகளா?"

"போடணும்."

"எம் பேரப் போடுங்க. நாந்தான சொன்னேன்" என்றான். போட்டேன். கைகளைத் துடைத்துக்கொண்டு மலையை ஒருமுறை அண்ணாந்து பார்த்தான். "இந்த மலையில இப்பிடி இன்னும் எத்தன பாறை இருக்கும்கா?"

எனக்குத் தெரியவில்லை. திங்கட்கிழமை முதல் நானும் சின்னமுத்துவும் ஜீப்பில் போய் எண்ணத் தொடங்கியிருக்கிறோம். இதுவரை ஒன்பது.